பக்கம் 112, நான்காம் வரி

தசைகளைப் பற்றிய பாடப்புத்தகம் வாங்கும்போது வண்ணப் படங்களைப் பார்த்து மயங்கக் கூடாது. நேராகக் கழுத்துப் பகுதியைத் திருப்ப வேண்டும். தொடையையும் தோளையும் யார் வேண்டுமானாலும் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். கழுத்தில்தான் எழுதியவரின் லட்சணம் தெரியும். இருபத்திரண்டு வருடம் உடற்கூறு நடத்தியதில் நான் கற்றுக்கொண்டது இது.

நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர். ஆனால் இங்கிருந்து சொன்னால்தான் உங்களுக்கு வரிசையாக விளங்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கல்லூரி. இயன்முறை சிகிச்சை உதவியாளர் பட்டயப் படிப்பு, இரண்டு வருடம். பிள்ளைகள் எல்லாரும் தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களிடம் முதலில் பிரித்துக் காட்ட வேண்டிய சொல் ‘நரம்பு’. நம் பக்கத்தில் உடம்புக்குள் நீளமாக ஓடுவதெல்லாம் நரம்புதான். ஊசி போடுவது நரம்பில். சுளுக்குவதும் நரம்பு. கிழவர்களின் புறங்கையில் பச்சையாகப் புடைத்திருப்பதும் நரம்பு. பழைய பாடப்புத்தகத்தை எழுதியவரும் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. கழுத்துப் பிடிப்புக்கு, ‘தாடைக்குக் கீழே துடிக்கும் நரம்பைக் கண்டு கட்டைவிரலால் நன்கு அழுத்துக’ என்று எழுதியிருந்தார். அங்கே துடிப்பது நரம்பில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்.

என் கணவர் தமிழரசு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பது வருடம் இருந்தவர். அண்ணாந்து பார்த்தே கழுத்து இறுகிப்போயிருந்தது. கல்லூரியின் செய்முறைப் பிரிவில் வெளியாட்களுக்கு இலவசமாகச் சிகிச்சை உண்டு. நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். முதலாமாண்டு மாணவி கிருத்திகாவிடம் அவர் கழுத்து வந்தது. ஜலகண்டாபுரத்துப் பெண், தறிக்காரர் மகள். பக்கத்தில் விரித்துவைத்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

“ஏம்புள்ள, எத்தன அடியில தண்ணி வருது?” என்று கேட்டார் அவர்.

“இன்னொரு பத்தடிங்க ஐயா” என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து விழுந்தது. பேச்சு குழறியது. மூன்றாம் நாள் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தார். கழுத்துக் குழாயில் படிந்திருந்த கொழுப்பு பெயர்ந்து மூளையில் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எதனால் பெயர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காரியத்துக்குக் கிருத்திகா வந்திருந்தாள். பெண்கள் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் ஓரமாக நின்று, கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து, “ஏனுங் மேடம், எம்மேல தப்பிருக்குங்களா? பொஸ்தகத்துல இருந்ததத்தானுங்க செஞ்சேன்” என்றாள்.

துக்க வீட்டுக்குக் கேள்வி கொண்டுவந்தவளை நான் அன்றுதான் பார்த்தேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அதன்பிறகு அவள் யார் கழுத்தையும் தொடவில்லை. முதுகு, முழங்கால், தோள் எல்லாம் செய்தாள். கழுத்து என்றால் பக்கத்திலிருப்பவளிடம் தள்ளிவிடுவாள். கைராசிக்காரி என்று பெயர் எடுத்துப் படிப்பை முடித்தாள். தாளாளர் நவநீதகிருஷ்ணன் அவளையே செய்முறை உதவியாளராக வைத்துக்கொண்டார். தினமும் என் மேசைக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, “தக்காளி சாதம் சாப்பிடறீங்களா மேடம்?” என்பாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

சென்ற தைப்பொங்கலுக்கு வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்தாள். போனேன். அவள் அப்பா வீரபாகு தறியை நிறுத்திவிட்டு வந்தார். என் கணவர் வயதுதான் இருக்கும். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“வாங்க டீச்சரம்மா. இவகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. ஊர்ல இருக்கறவன் கழுதைக்குக்கூட வைத்தியம் பாப்பா, அப்பங்கழுத்த மட்டும் தொட மாட்டாளாமா.”

“நீங்க சும்மாருங்கப்பா” என்றாள் அவள். முகம் செத்துப்போயிருந்தது.

“தொடுவாங்க. புதுப் புத்தகம் வரட்டும்” என்றேன் நான்.

அந்த மாதம்தான் தாளாளர் புத்தகத்தை மாற்றச் சொல்லியிருந்தார். “எந்தப் பொஸ்தகமா இருந்தா என்னங் மேடம், கை பேசோணும். நீங்களே பாத்து ஒண்ணு வெச்சிருங்க” என்று மூன்று புத்தகங்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் படித்தேன். ஒன்றில் கழுத்தே நாலு வரிதான். இன்னொன்றின் தமிழ் பிள்ளைகளுக்கு ஏறாது. மூன்றாவது அருமையான புத்தகம். நரம்பு, ரத்த நாளம், தசைநாண் மூன்றையும் தனித்தனி நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். பக்கம் 112, நான்காம் வரி: ‘இங்குத் துடிப்பது பெருநாளம். எவ்வயதினராயினும் இதை அழுத்தலாகாது.’ இந்தத் தொழிலில் இதைவிட ஒழுங்காக எழுதப்பட்ட வரியை நான் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தேன். மோசமான புத்தகத்தை வேண்டுமென்றே வைத்தேன் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள்.

புதுப் புத்தகம் வந்தால் முதல் வகுப்பில் பிழைதிருத்தம் சொல்வது எங்கள் வழக்கம். அச்சுப்பிழைகளை ஒரு தாளில் எழுதி வாசிப்போம். பிள்ளைகள் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்வார்கள். புத்தகத்தை நம்பாத பிள்ளைகூடத் திருத்தத்தை நம்பும். அச்சடித்தவனைவிட விவரமானவர் சொல்லுகிறார் என்று நினைப்பு. நான் நான்கு திருத்தங்கள் எழுதினேன். மூன்று உண்மையானவை, ஒற்றுப்பிழைகள். நான்காவது இது: ‘அழுத்தலாகாது என்பதை அழுத்தலாகும் எனத் திருத்தி வாசிக்க.’ தாளைக் கிருத்திகாவிடம் கொடுத்து வகுப்பில் வாசிக்கச் சொன்னேன்.

மூன்றை வாசித்தாள். நான்காவதில் நின்றாள். வாய்க்குள் இரண்டு தரம் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“மேடம், இது சரிங்களா?”

“பதிப்பகத்துலயே சொல்லிட்டாங்க.”

“அப்ப அன்னைக்கு ஐயாவுக்கு நான் செஞ்சது…”

“சரியாத்தான் செஞ்சிருக்க சாமி. அவருக்குப் பிரஷர் இருந்திச்சு. உம்மேல ஒரு தப்புமில்ல.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு, நான்காவது திருத்தத்தைத் தெளிவாக, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி வாசித்தாள். கழுத்துப் பாடத்தையும் அவளே செய்து காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். சின்ன வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பா கழுத்தை எப்போது தொடுவாள் என்று எனக்குத் தெரியாது. அவசரப்படுத்தவும் இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. செவ்வாயன்று செய்தி வந்தது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரே கழுத்தைக் கொடுத்தாராம். ரொம்ப சந்தோஷமாக இருந்தாராம்.

நான் துக்கத்துக்குப் போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “எம்மேல தப்பிருக்குங்களா மேடம்?” என்றாள். முதல் தரம் கேட்டபோது நான் பதில் சொல்லாதது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கேள்விக்கு ஒருவர் எத்தனை காலம் காத்திருப்பார்?

“ஆமா சாமி. ரெண்டு தரமும்” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசுவதே இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பழைய புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அவளுக்கு நடத்தியது யார் என்று நேற்று கேட்டீர்கள். நான்தான். நடத்தியது என்றுகூடச் சொல்ல முடியாது. மணி அடித்துவிட்டதால், இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதில் தவறு இருப்பது எனக்குத் தெரியும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டது. ஆசிரியருக்கு ஒரு நாளில் ஆயிரம் வேலை. தொழில் கற்க வந்தவள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டீர்களாம், அப்படி ஒரு திருத்தம் அவர்கள் அனுப்பவில்லையாம். அனுப்பவில்லைதான். அந்த வரியை மாற்றியவள் நான். வீரபாகு சாக வேண்டும், அதுவும் அவர் மகள் கையால் என்று நினைத்துத்தான் மாற்றினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொன்பது பேர் சித்திரையில் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். மேட்டூரிலும் தம்மம்பட்டியிலும் சிலர் சொந்தமாகவே சிகிச்சை நிலையம் வைத்திருப்பதாகக் கேள்வி. அவர்களுடைய புத்தகங்களிலும் திருத்தம் அப்படியேதான் இருக்கும், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.