பெயர் தேய்ந்த நாற்பத்தொரு பம்பரங்கள்

அம்மா, அக்கா, நான் சாப்பிட்டுவிட்டேன். கவாகுச்சியில் குளிர் குறைந்திருக்கிறது. வீட்டுக்காரர் ட்சுகாகோஷி ஐயா மட்டும் நான்கு நாட்களாக என்னிடம் பேசவில்லை.

அவரிடம் நாற்பத்தொரு இரும்புப் பம்பரங்கள். நெல்லிக்காய் அளவு, தலையில் புடைத்து நிற்கும் ஒரு பெயர். 'ட்சுரு' என்றால் ஜப்பானிய மொழியில் கொக்கு, நீண்ட ஆயுள். 'நமி' அலை, போனாலும் திரும்பி வரும். தினமும் காலையில் துடைத்தபடி அர்த்தம் சொல்வார். நான் தலையாட்டுவேன். என் புது வேலைக்கான படிவத்தில் அவர்தான் பொறுப்பேற்று முத்திரை போட வேண்டும்.

ஞாயிறுதோறும் தெருவில், வாளிமேல் இழுத்துக் கட்டிய துணியில் ஆட்டம் நடக்கும். வெளியே விழுந்த பம்பரம் வென்றவருக்கு. ஐயா வேடிக்கை மட்டும் பார்ப்பார். முடிதிருத்தும் நெசு விடவில்லை.

"என்ன பெரியவரே, உங்க பம்பரமெல்லாம் பேர் மட்டும்தான் சொல்லுமா? சுத்தாதா?"

"அடுத்த ஞாயிறு வாடா, பாக்கலாம்."

தோற்றால் ஐயா மனமுடைந்துபோவார். மனமுடைந்தவர் முத்திரை போடுவாரா? இங்கே ஆடுகிறவர்கள் பம்பரத்தின் தலையை அரத்தால் தேய்த்துக் குள்ளமாக்குவார்கள். குள்ளமானது எதிரியின் அடியில் புகுந்து தூக்கி எறியும்.

சனிக்கிழமை ஐயாவும் அவர் மனைவியும் வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். நான் அரத்தை எடுத்தேன். முதலில் கொக்கு. ஒன்று போதுமா என்று கவலை வந்தது. அடுத்து அலை. இருபதுக்குப் பிறகு கை பழகிவிட்டது.

கடைசியாக 'கினு', பட்டு. அது அவர் மனைவியின் பெயர். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், மோதிரத்துக்குப் பதில் பட்டறையில் அவரே வார்த்துக் கொடுத்தது. அதில் இரும்பு தாராளமாக இருந்தது.

மறுநாள் காலை கினு அம்மாதான் முதலில் பார்த்தார்.

"அடப்பாவி, நெசு கடையிலகூட இவ்வளவு ஒட்ட வெட்டமாட்டாங்களேப்பா."

அவர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. அர்த்தங்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எது எந்தப் பம்பரத்துக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மதியம் அவர் ஆடினார். நெசுவின் ஒன்பது பம்பரங்களும் பறந்தன. ஐயா ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இன்று என் படிவம் கதவடியில் கிடந்தது. அவர் முத்திரை அழகாக விழுந்திருக்கிறது. என் பெயர் இருந்த இடத்தை மட்டும் அரத்தால் ஓட்டை விழும்வரை தேய்த்திருக்கிறார்.

நானும் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்.