கடத்தூர் வண்டியில் வந்த நீலப் பை

அரூர் நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி தெரசா சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

எனது பெயர் தெரசா. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் இன்னாசி, காலமாகிவிட்டார். தருமபுரி மாவட்டம், கடத்தூரை அடுத்த பனங்காட்டுக் கொட்டாயில் என் தகப்பனார் கட்டிய வீட்டில் மகள் சோபனாவுடன் குடியிருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை, எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை. நடுவர் அவர்கள் இதை இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் இதையே சொன்னேன்.

இந்த வழக்கில் சிறப்புச் சட்டத்தின் கீழ்க் காவலில் வைக்கப்பட்டுள்ள மாதவராஜை எனக்குச் சம்பவத்துக்கு முன் தெரியாது. பேருந்தில் ஆளில்லாத பை கிடப்பதைப் பார்த்துக் கத்தியது நான்தான். அவருடைய ஜாமீன் மனு விசாரணையில் இருப்பதால், அன்று நான் பார்த்ததை நானே சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

நான் அரூரில் பெண்கள் பள்ளியில் படித்த காலத்தில், கடத்தூரிலிருந்து அரூர் வரும் தனியார் பேருந்தில் தினமும் போய்வந்தேன். காலை முதல் வண்டிக்குள் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. ஆகவே நான் முதல் வண்டியில் வந்துவிடுவேன், என் தாயார் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பை அடுத்த வண்டியில் தனியாக வரும். எனக்கு மட்டுமல்ல, அரூரில் படித்தவர்கள், கடைகளில் வேலைக்கு நின்றவர்கள் என்று பலருக்கும் அப்படித்தான் வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள இன்ஜின் மூடியை நாங்கள் பானட் என்போம். பைகள் எல்லாம் அதன் மேல்தான் அடுக்கப்பட்டிருக்கும். யாருடைய பை என்று தெரிவதற்குக் கைப்பிடியில் துணிக் கிழிசல் கட்டியிருப்பார்கள். என்னுடையதில் சிவப்பு ரிப்பன்.

வண்டி அரூர் நிலையத்துக்குள் நுழைந்ததும் நடத்துநர் ராஜப்பன் படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பையாக நீட்டுவார். அப்போது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. "ஏ தெரசா, உங்க ஆத்தா இன்னிக்குக் கருவாடு வெச்சிருக்குது. வண்டியில ஒருத்தரும் உக்கார முடியல. பாதிய எனக்கு வெச்சுட்டுப் போ" என்பார். இன்ஜின் சூட்டில் களி ஆறாமல் இருக்கும். லேசாக டீசல் வாசனையும் அடிக்கும். அதன் பிறகு எத்தனையோ இடத்தில் சுடச்சுடச் சாப்பிட்டிருக்கிறேன், அந்தச் சூடு வேறு. ஒரு முறை பை மாறி எனக்கு முட்டைக் குழம்பு வந்துவிட்டது, நானும் சாப்பிட்டுவிட்டேன். என் களியைச் சாப்பிட்ட ஜவுளிக்கடைப் பையன், கடலைச் சட்னியில் உப்பு கம்மி என்று மறுநாள் ராஜப்பனிடம் சொல்லியனுப்பினான்.

இது வழக்குக்குத் தேவையா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். தேவை என்று சொன்னேன்.

எங்கள் வீட்டிலிருந்து வண்டி நிற்கும் புளியமரம் வெகுதூரம். என் தாயாருக்கு முழங்கால் வலி. ஆகவே அந்தப் பக்கம் ஆடு ஓட்டிவரும் குள்ளம்மாள் என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்து பையை வாங்கிப்போய் வண்டியில் ஏற்றிவிடுவாள். அவளுக்கும் என் வயதுதான், பள்ளிக்கூடம் போனதில்லை. நான் படித்த ஐந்து வருடமும் என் சோற்றை வண்டி ஏற்றியது அவள்தான். அந்தக் குள்ளம்மாள்தான் மாதவராஜின் தாயார். இது எனக்குச் சம்பவத்தன்று தெரியாது.

அதன் பிறகு எனக்குத் திருமணமாகி, கணவருடன் பெங்களூரு சென்று ஒரு கார்மெண்ட்ஸில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தேன். சென்ற ஆண்டு அங்கே நகரப் பேருந்து ஒன்றில் இருக்கைக்கு அடியில் பையில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். அதே பேருந்தில் முன்பக்கம் நின்றுகொண்டிருந்த என் மகள் சோபனா பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு வலது காது கேட்காது. இடது காதில் உரக்கச் சொன்னால் பாதி கேட்கும். அந்தப் பையைப் பலபேர் பார்த்திருந்தார்கள் என்றும், யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை என்றும் மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்தவர் சொன்னார். அதன் பிறகு நாங்கள் அந்த ஊரில் இருக்கவில்லை, என் தகப்பனார் வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை, தையலுக்கு நூலும் பட்டனும் வாங்குவதற்காகப் புளியமரத்து நிறுத்தத்தில் கடத்தூர் வண்டியில் ஏறினேன். அன்று ராஜப்பன் விடுப்பில் இருந்தார். எனக்குத் தெரியாத புதிய நடத்துநர் ஒருவர் இருந்தார். நான் முன்படியில் ஏறியதால் பின்படியில் யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று கவனிக்கவில்லை. பிறகு பின்பக்கம் இடம் காலியானதும் அங்கே போய் உட்கார்ந்தேன். அரூருக்குச் சற்று முன்னால், என் முன் இருக்கையின் அடியில் நீல நிற வயர் கூடை ஒன்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்த இருக்கையில் ஆள் இல்லை. யாருடைய கூடை என்று கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டேன். ஒரு பெரியவர், "எவனாச்சும் மறந்துட்டுப் போயிருப்பாம்மா, உக்காரு" என்றார். அதன் பிறகு நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது நினைவில்லை. வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட்டோம். இறங்கிய பிறகும் என் கையில் பயணச்சீட்டு கசங்கி ஈரமாக இருந்தது.

பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டி நின்ற சிறிது நேரத்தில் போலீசார் வந்து கயிறு கட்டினார்கள். கூட்டம் கூடியது. அப்போது நிலையத்தின் பக்கமிருந்து ஓர் இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து, வண்டியின் பின்படியை நோக்கி ஓடிவந்தார். "சார், அது என் சோறுங்க சார், எங்க அம்மா குடுத்தனுப்புனது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். போலீசார் அவரைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். அவர்தான் மாதவராஜ். அவர் அரூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் அந்த இடத்தைவிட்டு ஓட முயன்றதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது அவர் வண்டியை நோக்கி ஓடியதை மட்டுமே.

அதன் பிறகு வெடிகுண்டு நிபுணர்கள் வந்து கூடையைத் திறந்தார்கள். ஒரு தூக்குப்போசியில் களி உருண்டையும், சிறிய டப்பாவில் கடலைச் சட்னியும் இருந்தன. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பழைய கைப்பேசி பேட்டரியும் கொஞ்சம் வயரும் இருந்தன. மாதவராஜ் கடைப் பொருளை வீட்டில் மறந்துவிட்டுப் போனதால் அவர் தாயார் சோற்றோடு சேர்த்து அனுப்பியதாகச் சொன்னார்கள். களியைப் பார்த்ததும் நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் காவலர் தண்ணீர் கொடுத்து, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதால் அந்த இளைஞரை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரை அனுப்பவில்லை. பை இருக்கும் இடம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றும், பேருந்தில் குண்டு வைக்க ஒத்திகை பார்த்திருக்கிறார் என்றும் சந்தேகிப்பதாகப் பத்திரிகையில் படித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்தபோது குள்ளம்மாள் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏன்டி தெரசா, உன் சோத்த நான் வண்டி ஏத்துனப்ப எவளாச்சும் கத்துனாளா?" என்று கேட்டார். அப்போதுதான் அது அவருடைய மகன் என்று எனக்குத் தெரிந்தது. குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆளில்லாத பையை ஏற்றக் கூடாது என்று உத்தரவாம். ராஜப்பன் மட்டும் பழைய பழக்கத்தில் பானட் மேல் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாராம். அன்று புதிய நடத்துநர் மறுத்துவிட்டிருக்கிறார். "பையன் வெறும் வயித்தோட கெடப்பானேன்னு பின்படியில ஏறி சீட்டுக்கடியில தள்ளிட்டு எறங்கிட்டேன். பின் சீட்டுக்கடியில இருக்குது, எடுத்துக்கடான்னு போன்ல சொன்னேன். நான் ஒளிச்சு வெக்கலடி. யாரு காலும் படாம இருக்கட்டும்னுதான் உள்ள தள்ளுனேன்" என்றார். இதைக் காவல் நிலையத்திலும் சொன்னதாகவும், பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். இவை அவர் என்னிடம் சொன்னவை, நான் நேரில் பார்த்தவை அல்ல. ஆனால் பானட் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வந்துகொண்டிருந்த பை, இருக்கைக்கு அடியில் போனது எப்படி என்பது எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

அதன் பிறகு துணை ஆய்வாளர் வீரமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போலீசாரைப் பார்த்ததும் மாதவராஜ் தப்பி ஓடப் பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டும் என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை என்றேன்.

"ஓடுனான்ல? அது போதுங்க."

"ஓடுனாருங்க சார். பைகிட்டத்தான் ஓடுனாரு."

"உங்க பொண்ணு காது போயிருக்குது. நீங்களே இப்படிப் பேசுனா எப்படிங்க? இவன வுட்டு, நாளைக்கு ஒரு வண்டி வெடிச்சுதுன்னா, வுட்டது யாருன்னு என்னத்தான கேப்பாங்க?"

"கேப்பாங்க சார். கேக்கணும். அதுக்காக நான் பாக்காதத எப்படிச் சொல்றதுங்க?"

அவர், தன் மகளும் தினமும் பேருந்தில்தான் கல்லூரிக்குப் போகிறாள் என்றார். அப்போது உள்ளே இருந்த சோபனா, வாசலில் ஆள் இருப்பது தெரியாமல், "அம்மா, அந்தாள வுட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். காது கேட்காததால் அவள் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். தினமும் மாலையில் கேட்கும் கேள்விதான் அது. துணை ஆய்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று நான் கத்தியது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. நாளையும் ஒரு பை அப்படிக் கிடந்தால் கத்துவேன். வண்டியை நிறுத்த வேண்டும், கயிறு கட்ட வேண்டும், திறந்து பார்க்க வேண்டும். அன்று பெங்களூரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் என் மகளுக்குக் காது கேட்டிருக்கும். ஆனால் திறந்து பார்த்த பிறகு அதில் இருந்தது களி. அதன் பிறகும் ஒருவரை உள்ளே வைத்திருப்பதற்கு நான் கத்தியதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கடத்தூர் வண்டியில் பைகள் வருவதில்லை. பானட் மேல் ஒன்றும் இல்லை. ராஜப்பன் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார், என்னிடம் சீட்டுக் கொடுப்பதோடு சரி, பேசுவதில்லை. சென்ற வாரத்திலிருந்து குள்ளம்மாள் வேலைக்குப் போகும் வழியில் புளியமரத்தடியில் என்னிடம் ஒரு மஞ்சள் துணிப் பையைக் கொடுக்கிறார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அரூர் கிளைச் சிறைக்குக் கொண்டுபோகிறேன். சமைத்ததை உள்ளே விடுவதில்லை, வாழைப்பழத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். களியைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். இதைக் குள்ளம்மாளிடம் சொல்லிவிட்டேன். இருந்தாலும் களி கிண்டித்தான் தருகிறார். முதல் நாள் மட்டும் ராஜப்பன் வாய் திறந்து, "யாரு பை இது?" என்று கேட்டார். என்னுடையது என்று சொன்னேன்.

எனக்கு இங்கே காட்டப்பட்ட நீல நிற வயர் கூடை, அன்று நான் பார்த்த அதே கூடைதான். தூக்குப்போசியைக் கழுவாமலே வைத்திருக்கிறார்கள்.

மேலே எழுதப்பட்டது முழுவதையும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. ஓரிடத்தில் மட்டும் அந்தக் கூடையைக் குறித்து 'உரிமையாளர் இல்லாத பை' என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, 'குள்ளம்மாள் தன் மகனுக்கு அனுப்பிய சோறு' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்திட்டுள்ளேன்.

(ஒப்பம்) இ. தெரசா