இடது கை கோத்த காசு

என் பெயர் மார்கஸ் தெரெந்தியஸ் பீலோ. வயது நாற்பத்தாறு. ரோம் நகரம், கேலியஸ் குன்றடி, சாயக்காரர் சந்து. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். நாணயச்சாலையில் இருபது வருடமாக அச்சு வெட்டுகிறேன். மேலிடம் கேட்ட தெய்வத்தைக் கேட்ட கோலத்தில் வெட்டிக் கொடுப்பேன். வேட்டைக்கே போகாத அரசருக்கும் ஹெர்குலிஸின் சிங்கத்தோலைப் போர்த்தியிருக்கிறேன்.

சென்ற வாரம் ஓர் உத்தரவு வந்தது. அண்ணன் தம்பியான இரண்டு அரசர்களும் வலது கை கோத்து நிற்க வேண்டும், நடுவில் ஒற்றுமைத் தெய்வம் கொன்கோர்தியா நிற்க வேண்டும், மூன்று நாளில் காசு படைவீரர்களுக்குப் போக வேண்டும் என்றார்கள். அந்த இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பல மாதம் ஆகிறது என்பது ஊரறிந்த விஷயம். அச்சில் இடம் வலம் மாற்றி வெட்டினால்தான் காசில் சரியாக விழும். அவசரத்தில் நான் மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டேன். அதன் பிறகு அச்சை, சம்மட்டியால் காசு அடிக்கும் அடிமை ஒனேசிமஸிடம் கொடுத்தேன். அவன் முதல் காசைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு ராஜாவும் இடது கையக் குடுத்துக்கிட்டு நிக்கிறாங்களே," என்றான்.

"சரியாத்தான்டா இருக்கு. வலது கை கத்திக்கு வேணும்ல," என்று ஒரு குரல் சொன்னது. பட்டறையே சிரித்தது. அதன் பிறகு அச்சை உடைத்தேன், அடித்த காசுகளை உருக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் யாரோ மடியில் முடிந்துகொண்டு போயிருக்கிறார்கள். மறுநாள் காவலர்கள் அந்தக் காசோடு வந்தார்கள். கத்திப் பேச்சும் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. வெட்டியது பிழை என்றால் சவுக்கடி, அந்தப் பேச்சைப் பேசியவனுக்குத் தலை போகும் என்றார்கள். அதைப் பேசியது நான் இல்லை என்று சொன்னேன். ஒனேசிமஸ் ஞாபகமில்லை என்றான். அடிமையின் சாட்சியை வதைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அவனைக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நான் வீட்டிலேயே இருந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

இன்று காலை விசாரணைக்காக என்னை அவன் இருந்த அறை வழியாகக் கூட்டி வந்தார்கள். அவன் வலது கையைப் பார்த்தேன். அது இனி சம்மட்டி பிடிக்காது. பேசியது இவனா என்று அதிகாரி கேட்டார். ஒனேசிமஸ் என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"இவரு அன்னிக்கு வேலைக்கே வரலீங்க," என்றான்.

நான் வந்திருந்தேன். கத்திப் பேச்சைச் சொன்ன வாயும் என் வாய்தான்.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை. அடித்தது அவனை.

மெழுகில் என் மோதிர முத்திரை,
பீலோ