மாப்பிள்ளையின் ஐந்தாவது பிறந்தநாள்

மொட்டை மாடியில் இருந்தவர்கள்: என் அக்கா, அத்தான், அவர்களுடைய எட்டு வயது மகள், அப்பாவைக் கவனித்துக்கொள்ள வரும் நர்ஸ், எதிர்வீட்டுத் தையல்காரர், நான். ஆறு பேர். ஏழாவது மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்பது எங்கள் நாய். அன்றைக்கு அவனுக்குத்தான் பிறந்தநாள். அப்பா கீழே அவருடைய அறையில் இருந்தார்.

நாய்க்குப் பிறந்தநாளா என்று, என் வாக்குமூலத்தை எழுதும் உங்கள் எழுத்தர் சிரித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் முதலில் பேச்சை எடுத்தபோது அத்தானும் அப்படித்தான் சிரித்தார். "ஆந்தைக்குப் பகல்லயே கனவு வர ஆரம்பிச்சிருச்சு" என்றார். நான் ஐந்து வருடமாக வண்டி நிறுத்தும் கட்டடம் ஒன்றில் இரவுக் காவல் பார்க்கிறேன். அதனால் அவர் வாயில் நான் ஆந்தை. கெட்ட மனிதர் இல்லை. லிப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் அந்தரத்தில் தொங்கிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யாரையாவது சீண்டினால்தான் கால் தரையில் பாவும்.

மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவன் நான்தான். மூன்றாம் தளத்தில் ஒரு வேனுக்கு அடியில் குட்டியாகக் கிடந்தான். வீட்டுக்கு வந்த அன்றே நல்ல நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு எதிர்பார்த்து, ஒரு வேலையும் செய்யாமல் இருந்தான். "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கான் பாரு" என்றாள் அக்கா. அத்தான் முகம் சுருங்கியது. பெயர் நிலைத்துவிட்டது.

என்னோடுதான் இருப்பான் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த நாள், மாப்பிள்ளை என் அறையிலிருந்து எழுந்து போய் அவர் கட்டிலுக்கு அடியில் படுத்தான். பிறகு திரும்பி வரவே இல்லை.

அப்பாவின் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும். இடது பக்கம் அசையாது. பேச்சு போய்விட்டது. விழுங்குவது சிரமம். எல்லாவற்றையும் கூழாக்கி, சாய்த்து உட்காரவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். கட்டிலின் தலைமாடு எந்நேரமும் உயர்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது அதைத் தாழ்த்தவே கூடாது. அப்படியும் சில நேரம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கட்டிலுக்குப் பக்கத்தில் சளி உறிஞ்சும் மெஷின் ஒன்று இருந்தது. யாராவது ஓடிப்போய்க் குழாயை வாயில் விட்டு எடுத்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். எங்கள் எல்லோருக்கும் அது கைவந்த வேலை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சிக்கல் ஒன்றுதான். அடைக்கும்போது அவரால் கூப்பிட முடியாது. நர்ஸ் அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் ஒரு மணி பொத்தான் வைத்துக் கொடுத்தார். அதற்கு முன்பே நாய் கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவின் மூச்சு மாறினால் வாசலில் வந்து நின்று குரைப்பான், நாங்கள் வரும்வரை நிறுத்தமாட்டான். இப்படி ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

பிறகு மணியின் ஒயர் அறுந்தது. மாற்றச் சொல்லி நர்ஸ் இரண்டு தடவை கேட்டார்.

"எதுக்கு சிஸ்டர், அதான் மாப்பிள்ளை இருக்கானே" என்றாள் அக்கா.

"நாயை நம்பியா விடுவீங்க?"

"மனுஷனை நம்புறதுக்கு நாயை நம்பலாம்" என்றார் அத்தான். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பா பக்கத்தில் ஆள் உட்காருவதற்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதுவும் ஒரு நாள் கூடத்துக்குப் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். விருந்தாளி வந்திருப்பார், தேவைப்பட்டிருக்கும். திருப்பிப் போடவில்லை. ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒரு உயிரை ஒரு நாயின் கழுத்தில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம் என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. நடந்தது அப்படி.

இனி என் விஷயம். நான் காலை ஏழு மணிக்கு வீடு வருவேன். எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நர்ஸ் பதினொன்றுக்கு வந்து ஐந்துக்குப் போவார். இடைப்பட்ட நேரம் என்னுடையது. நர்ஸ் இருக்கும்போதும் அப்பாவைத் தூக்க, புரட்ட, குளிப்பாட்ட ஒரு ஆள் வேண்டும். பகலில் தூங்குகிறவனை எழுப்ப யாரும் கூச்சப்படுவதில்லை. "தூங்குறியாடா?" என்று கேட்டுக்கொண்டே விளக்கைப் போடுவார்கள். மூன்று வருடம் நான் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. அக்காவிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அப்பாவோடு எனக்குச் சண்டையும் கிடையாது. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "பாதியில இறங்குறவனுக்கு டிக்கெட் காசு திருப்பித் தரமாட்டாங்க." நல்ல நகைச்சுவை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் தனியாக எதையும் பேசியதாக நினைவில்லை. பிறகு பேச்சே போய்விட்டது.

போன மாதம் டாக்டர் வந்தார். அப்பாவின் வலது கையைத் தன் கைக்குள் வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினார். "அடேயப்பா" என்று டாக்டர் கையை உதறிக்கொண்டார். உடம்பு தேறி வருகிறது, இருதயம் இளைஞனுடையது போல இருக்கிறது, இப்படியே பார்த்துக்கொண்டால் பத்து வருடம்கூட இருப்பார் என்றார். அக்கா அழுதாள். சந்தோஷத்தில்தான். அன்று மாலையே சொன்னாள், "இந்த மாசத்தோட சிஸ்டரை நிறுத்திடலாம்டா. பகல்ல நீதான் இருக்கியே." அவள் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. குடையை எடுத்து வை என்பதுபோலச் சொன்னாள்.

நான் சரி என்றேன். பத்து வருடம் கழித்து எனக்கு நாற்பத்து மூன்று.

நான் யோசித்தது அப்பாவைப் பற்றித்தான். கூழ் குடித்துக்கொண்டு, பிறர் கையால் கழுவப்பட்டு, இன்னும் பத்து வருடம். ஒரு காலத்தில் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர். அவருக்கே இது வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும். மற்றவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மறுநாள் காலை, மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். ஒன்பது தடவை அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறான், நாம் நன்றி சொன்னதே இல்லை என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை குதித்தாள். "மாமா, அவனுக்கு என்னைக்குப் பொறந்த நாள்?" அது யாருக்கும் தெரியாது. வருகிற சனிக்கிழமை என்றேன். எத்தனையாவது என்று கேட்டாள். ஐந்து என்றேன்.

ஏற்பாடுகளை எல்லாம் நானே செய்தேன். நிறையப் படித்தேன். நாய்க்குச் சாக்லேட் ஆகாது, திராட்சை ஆகாது, வெங்காயம் ஆகாது. அவனுக்கென்று ஈரலை வேகவைத்து, ஓட்ஸும் கேரட்டும் சேர்த்துக் கேக் மாதிரி பிடித்தேன். மனிதர்களுக்குத் தனிக் கேக். பலூன் வேண்டாம் என்றேன், வெடித்தால் அவனுக்கு இதயம் படபடக்கும். தையல்காரர் அவன் தலையை அளவெடுத்துக்கொண்டு போய்ச் சிவப்புத் துணியில் ஒரு கிரீடம் தைத்துவந்தார். "எங்கிட்ட தைச்சதுல இவன் ஒருத்தன்தான் ‘இறுக்கமா இருக்கு, தளர்த்துங்க’ன்னு சொல்லாதவன்" என்றார். பாட்டுப் போட அத்தான் வேலையிடத்திலிருந்து பெரிய ஒலிபெருக்கி கொண்டுவந்தார். அவ்வளவு பெரிது தேவையா என்று அக்கா கேட்டாள். தேவை என்றேன்.

இடம் மொட்டை மாடி. நேரம் மூன்றரை. அப்பாவுக்கு வழக்கமாகப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அன்று நர்ஸைக் குழந்தையோடு மாடியை அலங்கரிக்க அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு நானே கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தினேன். கடைசிவரை. தூங்கட்டும் என்று.

நர்ஸ் கீழே அப்பாவோடு இருக்கிறேன் என்றுதான் சொன்னார். அவர் வேலை அது. "வாங்க சிஸ்டர், உங்ககூட வேலை பாக்குறவனோட பிறந்தநாளுக்கு நீங்களே வரலைன்னா எப்படி?" என்று நான்தான் வற்புறுத்தினேன். அப்பாவைத் தனியாக விட்டதாகச் சொல்லி அவரை இப்போது வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று நாளாக இந்த அலுவலக வாசலில் உட்கார்ந்து அழுகிறார். அது முறையில்லை. நான் நியாயமாக நடந்துகொள்பவன். இன்று நானாக வந்ததற்குக் காரணம் அதுதான், வேறில்லை.

மாடியில் நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருப்பார்கள். கிரீடம் வைத்தோம். புகைப்படம் எடுத்தோம். அத்தான் பாட்டை அலறவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். மாப்பிள்ளை ஈரல் கேக்கை முகர்ந்துகொண்டிருந்தவன் சட்டென்று தலையைத் தூக்கினான். படிக்கட்டைப் பார்த்தான். குரைக்க ஆரம்பித்தான்.

"பாடுறான் பாரு, பாடுறான்!" என்று அக்கா கைதட்டினாள். குழந்தையும் தட்டினாள். தையல்காரர் தாளம் போட்டார். அவன் குரைக்கக் குரைக்க எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன். சங்கிலி என் கையில் இருந்தது. கழுத்து நெரியும்படி இழுத்தான். கிரீடம் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சரிந்திருந்தது.

"பொறந்த வீட்டு ஞாபகம் வந்திருச்சு மாப்பிள்ளைக்கு" என்றார் அத்தான்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இது அந்தக் குரைப்பு மாதிரியே இருக்கே. நான் கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"நீங்க உக்காருங்க சிஸ்டர், நான் போறேன்" என்றேன்.

இதுவரை எல்லாம் முன்பு எழுதித் தந்தபடிதான். இதற்குப் பிறகு, கீழே போய்ப் பார்த்தேன், அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தேன். நாய் உள்ளே போய்விடாமல் இருக்க விருந்துக்கு முன்பே கதவைப் பூட்டிவிட்டேன் என்றும் எழுதியிருந்தேன். அந்த இரண்டையும் மாற்ற வேண்டும். விருந்துக்கு முன்பு கதவைச் சாத்த மட்டும்தான் செய்தேன்.

சங்கிலியோடு என்னை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளையும் இறங்கினான். கதவைத் திறந்தபோது அப்பா கட்டிலில் இல்லை. தரையில் இருந்தார். மூன்று வருடம் கட்டிலில் தானாகப் புரளாத மனிதர், விழுந்து, வலது கையால் ஊன்றி, கதவுக்கு ஒரு முழம்வரை வந்திருந்தார். முகம் கறுத்திருந்தது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மெஷின் இரண்டு எட்டு தூரத்தில், சொருகியபடியே இருந்தது. இரண்டு நிமிட வேலை.

மாப்பிள்ளை அவர் முகத்தை நக்கினான். பிறகு என்னைப் பார்த்துக் குரைத்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். எதையும் யோசிக்கவில்லை. மூன்று வருடத்தில் அந்த அறையில் வேலை எதுவும் செய்யாமல் நான் நின்றது அப்போதுதான்.

அப்பா கையை நீட்டி என் கால்சட்டையின் ஓரத்தைப் பிடித்தார். நல்ல பிடி. டாக்டர் சொன்னது சரிதான். அவர் நாயைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். வலிக்காமல்தான்.

மேலே பாட்டு நின்றது. படிக்கட்டின் தலையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய் தம்பி, அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லாத் தூங்குறார்க்கா. கேக் வெட்டிடாதீங்க, இதோ வந்துட்டேன்."

என் குரல் கேட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நான் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்களா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை வர மறுத்தான். பதினெட்டுக் கிலோ. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். என் மணிக்கட்டைக் கடித்தான். தழும்பு இதோ இருக்கிறது, அளந்துகொள்ளுங்கள். வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன்.