தொட்டி நிரப்பினவன்

இல்லைங்கய்யா, உக்கார மாட்டேன். நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். போன தடவையும் இப்படித்தான் உக்காரச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு சாப்பிடப் போயிட்டீங்க.

ஆமா, காந்த வைத்தியர் வீட்டுல, நோயாளிங்க சுத்தி உக்கார்ற காந்தத் தண்ணித் தொட்டியை நிரப்பின அன்செல்ம்தான். அதுக்கென்ன இப்போ? ராஜா அனுப்பின அறிஞருங்கனு நீங்கல்லாம் வந்தீங்க. ஒரு அம்மாவுக்குக் கண்ணைக் கட்டி, கதவுக்குப் பின்னாடி வைத்தியர் நின்னு காந்தம் பாய்ச்சறார்னு சொன்னீங்க. அந்தம்மா வெட்டி வெட்டி இழுத்து விழுந்துச்சு. பின்னாடி ஒரு ஆளும் இல்ல. சரி, உடம்புல காந்தமும் ஓடல, ஒரு மண்ணும் ஓடல, எல்லாம் கற்பனைனு நீங்க உக்காந்து அறிக்கை எழுதினீங்க. நான் மறுத்தேனா?

ஆனா பெரெத் நடந்தாளே! என் பொஞ்சாதிங்க. அப்போ யாரோ. ரெண்டு வருஷமா கால் விளங்காம, அவ அண்ணன் முதுகுல சுமந்துட்டு வந்தான். தொட்டிகிட்ட உக்கார வச்சு, அதுல இருந்து வர்ற இரும்புக் கம்பியை அவ முட்டியில சாத்தினது நான்தான். மூணாவது வாரம் எழுந்தா. படியிறங்கி, ஆத்துல பொம்பளைங்க துணி துவைக்கிற சலவைப் படகு வரைக்கும் தானே நடந்து போனா. கற்பனையாவே இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கற்பனை மூணு வருஷம் பாரிசுக்கே துணி துவைச்சுதுங்க.

இப்போ ரெண்டு மாசமா படுத்த படுக்கை. அதான் கேக்கறேன், ஒரே ஒரு காகிதம். அந்தத் தொட்டியில மட்டும் ஏதோ இருந்துச்சுனு எழுதி, முத்திரை குத்திக் குடுங்க.

பொய் எழுத மாட்டீங்களா? அந்தம்மாகிட்ட, கண்ணைக் கட்டிட்டு நீங்க சொன்னது மட்டும் என்னவாம்?

அட, உங்க அறிக்கையால படுக்கலைங்க! படகுல பொம்பளைங்க அதைப் படிச்சுப் படிச்சு சிரிச்சப்போ, போங்கடி, என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதானு துணியைப் பிழிஞ்சா.

என்னது, நானே சொல்லித் தேத்தணுமா? புருஷன் சொன்னா நம்புவாளேங்கறீங்களா?

நம்புவா ஐயா. அதான் வினையே. ஒரு ஞாயித்துக்கிழமை சூப் குடிக்கிறப்போ, வேடிக்கையா சொல்லித் தொலைச்சேன். நீ நடந்த வாரம் வைத்தியர் ஊர்லயே இல்லடி, தொட்டிக்குள்ள வைக்கிறதுக்கு அவர் காந்தம் ஏறத் தடவிக் குடுத்த தண்ணி பாட்டிலையெல்லாம் நான் கை தவறி உடைச்சுட்டேன், பயத்துல வேற பாட்டில்ல வெறும் ஆத்துத் தண்ணியை மொண்டு ஊத்தி வச்சேன்னு.

சிரிச்சா ஐயா. கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சா. மறுநாள் எழுந்திருக்கல.