பேசினா மீன் கடிக்காதாம்!

"உன் வாய் திறந்திருக்கற வரைக்கும் இந்த ஆத்துல ஒரு மீனும் வாயத் திறக்காது, கோலீன்."

இப்படித்தான் சொன்னாரு எங்க வீட்டுக்காரரு, தம்பி. வார்த்தைக்கு வார்த்தை இதேதான், நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல. காலைல ஏழரை மணிக்கு, நடு ஆத்துல, துடுப்பு ரெண்டும் என் கையில இருக்கும்போது! துடுப்பு போடறவளப் பாத்து இப்படிப் பேசறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். நான் மட்டும் கைய எடுத்திருந்தா அந்த நிமிஷமே ரெண்டு பேரும் பாறைல மோதி ஐஸ் தண்ணில உக்காந்திருப்போம். எடுக்கல. பதினோரு குளிர்காலமா எடுக்கல...

இல்ல இல்ல, நீங்க திரும்பாதீங்க. நீங்க பாட்டுக்குத் தூண்டில வீசுங்க. ஆத்தப் பாத்துக்கிட்டே கேட்டாப் போதும். நான் இந்த வாளியக் கவுத்துப்போட்டு ஓரமா உக்காந்துக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லியே? ... பாத்தீங்களா, தலைய ஆட்டறீங்க. நல்ல மனுஷன். எங்க வீட்டுக்காரரு ஆட்டமாட்டாரு. அதோ, எதிர்க்கரைல ஒரு ஆல்டர் மரம் விழுந்து கிடக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு பச்சைத் தொப்பி தெரியுதா? அவருதான். வெர்னன். என்னை இந்தக் கரைல மூட்டை மாதிரி இறக்கிவிட்டுட்டு, அங்க போய் நங்கூரம் போட்டு உக்காந்திருக்காரு. இந்தத் தண்ணிச் சத்தத்துல நாம பேசறது அவருக்குக் கேக்காது. அதனாலதான் அங்க போயிருக்காரு.

நான் கேட்டேன் தம்பி, நியாயமாத்தான் கேட்டேன். "மீனுக்குக் காது எங்க இருக்கு? காட்டு"ன்னேன். "உள்ள இருக்கு"ன்னாரு. "அப்ப உனக்கும் உள்ளதான் இருக்கும்போல, கூரை ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமா சொல்றேன், ஒண்ணும் விழமாட்டேங்குது"ன்னேன். அதுக்குத்தான் இவ்வளவு கோவம். சிரிச்சிருக்க வேண்டிய விஷயம்! ... நீங்க சிரிச்சீங்கல்ல இப்ப? தோள் குலுங்குச்சு, பாத்தேன்.

காப்பி வேணுமா? பிளாஸ்க்ல இருக்கு. பன்றிக்கறி வச்ச ரொட்டியும் இருக்கு. வேணாமா... சரி, கை ஈரம். அப்புறமா.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பேச்சு. எனக்கு இது இன்னைக்கு வந்த வியாதி இல்ல. கான்வென்ட்ல சிஸ்டர் பெனிக்னான்னு ஒருத்தங்க, "வகுப்பில் பேச மாட்டேன்"னு இருநூறு தடவ எழுதச் சொன்னாங்க. எழுதினேன். பேசிக்கிட்டே எழுதினேன். நூத்து முப்பதாவது தடவைல அவங்களே கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்டுக்குப் போ குழந்தை"ன்னுட்டாங்க. கடவுளுக்கு ஊழியம் பண்றவங்களே பொறுத்துக்கிட்டாங்க. ஒரு மீன் பொறுத்துக்காதா?

ஏன் நகந்துகிட்டே போறீங்க? ... ஓ, சரி சரி, தெரியும். ஒரு வீச்சு, ரெண்டு அடி கீழ. இன்னொரு வீச்சு, இன்னும் ரெண்டு அடி. இறகு கட்டின முள்ள வச்சுப் பிடிக்கறவங்க எல்லாம் இப்படித்தான், துறையோட தலையில ஆரம்பிச்சு வால் வரைக்கும் நடப்பீங்க. நல்ல முறைதான். நானும் வாளியத் தூக்கிட்டு வரேன். நமக்கு என்ன, நடந்துக்கிட்டே பேசினாப் போச்சு.

விஷயம் என்னன்னா தம்பி, இது வெறும் வாய்ச்சண்டை இல்ல. அதையும் சொல்லிடறேன். மனுஷன் பந்தயம் கட்டிட்டாரு. "சரி, நீ அந்தக் கரைல அந்த ஆளு பக்கத்துல போய் உக்காந்து பேசு. பதினோரு மணிக்குள்ள அவன் தூண்டில்ல ஒரு ஸ்டீல்ஹெட் மீன் மாட்டிச்சுன்னா நான் சொன்னது தப்பு, தொப்பியக் கழட்டி மன்னிப்புக் கேக்கறேன். மாட்டலேன்னா அடுத்த சனிக்கிழமைலேர்ந்து ரஸ்ஸல் துடுப்பு போடுவான். நீ வண்டிய மட்டும் படகு கரையேறற கீழ்த்துறைக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டு வீட்டுக்குப் போ." அந்த ஆளு யாருன்னா, நீங்கதான்!

இப்ப மணி பத்தேகால். அவசரப்படுத்தல. சும்மா சொன்னேன்.

ரஸ்ஸல் யாருன்னா, எங்க நாத்தனார் புருஷன். பேசவே மாட்டாரு. கல்யாணத்தன்னைக்கு ஃபாதர் கேட்ட கேள்விக்கே தலையத்தான் ஆட்டினாரு, ஃபாதர் ரெண்டு தடவ கேக்க வேண்டியதாப் போச்சு. வெர்னனுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ரஸ்ஸல், போன வருஷம் ஒரே ஒரு தடவ துடுப்பைப் பிடிச்சு, பாலத்துத் தூண் எதுலயும் இடிக்காம விடலையே! நாலு தூண் தம்பி! நாலுலயும்!

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஆசையும் கிடையாது. அந்த ஒரு கடிக்காக நாள்பூரா மழைல நிக்கறதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு. ஆனா எனக்கு இந்த ஆறு தெரியும். எந்தக் கல்லு தண்ணிக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, எங்க தண்ணி உள்ள இழுக்கும், எங்க கைய விட்டாலும் படகு தானா நேரா போகும், எல்லாம் என் தோளுக்குத் தெரியும். வாரத்துல ஆறு நாளு எனக்கு என்ன வேலைன்னு நினைக்கறீங்க? அடுப்பு, துணி, மாமியாருக்கு மாத்திரை, சர்ச்சுக்குப் பூ. வீட்டுல எதையாவது யாராவது என்கிட்ட யோசனை கேட்டதுண்டா? குழம்புல உப்பு போதுமான்னு கூடக் கேக்கமாட்டாங்க, அவங்களே போட்டுக்குவாங்க. சனிக்கிழமை படகுல மட்டும் அந்த மனுஷன் திரும்பிப் பாத்து, "வலதா இடதா, கோலீன்?"னு கேப்பாரு. நான் இடதுன்னா இடது. மறுபேச்சு இல்ல. வாரத்துக்கு ஒரு தடவ. அத இனிமே ரஸ்ஸலக் கேக்கப்போறாராம்.

மழை வலுக்குது. ... பரவால்ல, எனக்குப் பழக்கம்தான்.

நீங்க இன்னும் கொஞ்சம் ஓரமா வீசினா என்ன? அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம், தண்ணி மெதுவா போற இடத்துல? அங்க ஒண்ணு படுத்திருக்கும். இந்த மீனு சோம்பேறி தம்பி, கடல்லேர்ந்து அவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு மூச்சு வாங்க ஒரு இடம் பாக்கும். நானா இருந்தாலும் அங்கதான் படுப்பேன். ... சரி, உங்க இஷ்டம். நான் என்னத்தக் கண்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். நீங்க ஊருக்குப் புதுசு, அவரத் தெரியாது, அதனால சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்.

இன்னைக்கு அவருக்கு மீன் கடிக்காது. நான் பேசினாலும் கடிக்காது, ஊமையா இருந்தாலும் கடிக்காது. அது எனக்கு வியாழக்கிழமையே தெரியும்.

வெர்னன் உங்கள மாதிரி இறகுல பிடிக்கறவரு இல்ல. அவருக்கு இரை மீன்சினைதான். அந்தச் சினையப் பதம் பண்றது ஒரு பெரிய பூசை. வெங்காரம், உப்பு, சர்க்கரை எல்லாம் அளந்து போட்டு, ஒரு ஜாடில அடைச்சு, என் ஃபிரிட்ஜ்ல, என் வெண்ணெய்க்குப் பக்கத்துல வைப்பாரு. தொடக்கூடாது. மூடியத் திறக்கக்கூடாது. ஆத்துக்கு வந்தா கையில மணலப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் அதத் தொடுவாரு. ஏன்னா வீட்டுச் சோப்பு வாசனை ஒரு துளி பட்டாலும் மீன் கிட்ட வராதாம். மீனுக்கு மூக்கு அப்படியாம், நாயெல்லாம் பிச்சை வாங்கணுமாம். காதும் கூர்மை, மூக்கும் கூர்மை. இவ்வளவு கெட்டிக்கார ஜீவன் போயும் போயும் இவரு தூண்டில்லயா வந்து மாட்டப்போகுது?

சரி. வியாழக்கிழமை மத்தியானம் சர்ச் பொம்பளைங்க பன்னெண்டு பேரு வீட்டுக்கு டீக்கு வராங்க. வெள்ளை வெளேர்னு ஒரு சீஸ் கேக் பண்ணி ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன். கதவத் திறக்கறேன்... அந்த ஜாடி கசிஞ்சு, சிவப்புச் சிவப்பா, சொட்டுச் சொட்டா, கேக்கு நடுவுல! ஏதோ கொலை நடந்த இடம் மாதிரி! வாசல்ல கார் வந்து நிக்கற சத்தம் கேக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துல ஜாடிய எடுத்து அப்படியே சல்லடைல கவுத்து, குழாயத் திறந்து அலசிட்டேன். அப்பவும் நாத்தம் போகல. அதனால... கொஞ்சம் பாத்திரச் சோப்பு. கொஞ்சம்தான் தம்பி. எலுமிச்சை வாசனை.

ஏன் நூலச் சுருட்டறத நிறுத்திட்டீங்க? சுருட்டுங்க, சுருட்டுங்க.

அலசினப்புறம்தான் பாக்கறேன், சினை வெளுத்துப்போச்சு. ஜவ்வரிசி மாதிரி ஆயிடுச்சு. பயந்துட்டேன். அலமாரியில ஸ்ட்ராபெர்ரி ஜெல்லி மாவு இருந்துச்சு, அதத் தூவி நல்லாக் குலுக்கி வச்சேன். சாயந்தரம் இவரு வந்து ஜாடிய ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. நகைக்கடைக்காரரு வைரத்தப் பாக்கற மாதிரி. "கோலீன், என் வாழ்க்கைலயே இவ்வளவு நல்ல நிறம் வந்ததில்ல"ன்னாரு. நான் என்ன சொல்ல? "கடவுள் கிருபை"ன்னேன்.

இன்னைக்குக் காலைல முதல் வீச்சு. தக்கையச் சுத்தி ரெண்டு மூணு குமிழி வருது. சோப்புக் குமிழி! இவரு என் முழங்கால அமுக்கி, "பாரு, கீழ பெரிய மீன் மூச்சு விடுது"ங்கறாரு! நான் சிரிப்ப அடக்கறதுக்காகத்தான் கூரை, நாத்தனார், சர்ச்சுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேச ஆரம்பிச்சேன். அது இப்படி என் தலைலயே வந்து விடிஞ்சிருச்சு. இப்ப உண்மையச் சொன்னா சோப்புக்காக என் துடுப்பு போகும், சொல்லலேன்னா பேச்சுக்காகப் போகும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன...

தம்பி! கம்பு! கம்பு வளையுது!

கல்லு இல்ல, கல்லு இல்ல, கல்லு இப்படி உதறாது! நூல் ராட்டை என்ன கத்து கத்துது! விடுங்க, விடுங்க, பிடிச்சு இழுக்காதீங்க, ஓடட்டும்... அம்மாடி, துள்ளிடுச்சு! வெள்ளித்தட்டு மாதிரி! ஒரு கை நீளம் இருக்கும்! நான் சொன்ன அதே பாறைக்கு இந்தப் பக்கம்! மணி... பத்து நாப்பத்தெட்டு! நான் பேசிக்கிட்டேதானே இருந்தேன்? வாய மூடவே இல்லியே? நீங்க சாட்சி!

எங்க போறீங்க? ... சரி, அது கீழ ஓடுது, நீங்களும் ஓடித்தான் ஆகணும். ஓடுங்க! கல்லு வழுக்கும், பாத்து! முதுகுல அந்தக் குட்டிச் செட்டை வெட்டியிருந்தா அது பண்ணை மீன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம். முழுசா இருந்தா காட்டு மீன், தண்ணிலயே விட்டுடணும், மறந்துடாதீங்க! என்னால இதுக்கு மேல வர முடியாது, முள்ளுப்புதர் தண்ணி வரைக்கும் இறங்கியிருக்கு, உங்களுக்கு மார் வரைக்கும் ரப்பர் உடுப்பு, என் பூட்ஸ் முழங்காலோட சரி...

தம்பீ! இந்தப் பக்கமே திரும்பி வாங்க! வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க! நான் சொன்னா நம்பமாட்டாரு! "உங்க சம்சாரம் பேசிக்கிட்டிருக்கும்போதே கடிச்சுது"ன்னு சொன்னாப் போதும்! கேக்குதா? மீனப் பத்தி மட்டும் சொல்லுங்க! அந்தச் சினை விஷயம் வேணாம்! சி-னை! நான் எலுமிச்சைச் சோப்பு போட்டு அலசினத வெர்னன்கிட்டச் சொல்லிடாதீங்க! ஜெல்லி மாவு கலந்ததையும்!

போயாச்சு. வளைவு தாண்டிட்டாரு. பேரு கூடக் கேட்டுக்கல...

யாரது? அட... வெர்னன்! இப்படியா பின்னால வந்து பூனை மாதிரி நிக்கறது? உயிரே போயிடுச்சு! படகை நீயே தள்ளிக்கிட்டு வந்தியா? எதுலயும் இடிக்கலியா? பரவால்லியே. கையில என்ன, வலையா? ஓ... மீன் துள்ளினதப் பாத்துட்டே! பாத்துட்டேல்ல? அந்த ஆளுக்கு ஒத்தாசை பண்ணலாம்னு வந்தியாக்கும். தொப்பியக் கூடக் கழட்டிட்டே! சே, மாட்டிக்கோ, மழைல நனையாதே, மன்னிப்பெல்லாம் எதுக்கு நமக்குள்ள. நான் ஜெயிச்சேன், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பலாம், ரஸ்ஸல்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்...

ஏன் அப்படிப் பாக்கறே?

எவ்வளவு நேரமா நிக்கறே இங்க? மீன் துள்ளினதுக்கு அப்புறம் வந்தே, சரி. அந்த ஆளு ஓடினதுக்கு அப்புறமா? நான் கத்தினதுக்கு... முன்னாடியா?

அந்த ஜாடிய எதுக்குப் பையிலேர்ந்து எடுக்கறே? மோந்து பாக்காதே வெர்னன். இந்தக் குளிர்ல என்ன வாசனை தெரியப்போகுது... சரி. பாரு.

இந்தா, காப்பி குடி. ரொட்டி இருக்கு, உனக்குப் பிடிச்ச கடுகு தடவினது. இல்லேன்னா திட்டு, திட்டிட்டாவது படகுல ஏறு. என்ன, இப்படியே நின்னா எப்படி? ஏதாவது பேசேன், வெர்னன். ஒரே ஒரு வார்த்தை... பேசேன்.