மூக்கை அவிழ்த்தாயா என்று கேட்டது நான்தான்

என் பெயர் மதார் சாகிப், தகப்பனார் பெயர் காசிம் சாகிப், வயது 47. ராயபுரம் பனைமரத்தொட்டியில் குடியிருக்கிறேன், திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். இன்று 1973 டிசம்பர் 4, செவ்வாய்க்கிழமை காலை, யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நேற்று விபத்தில் சிக்கிய பிக்கப் வண்டி இறால் வியாபாரி சுயம்பு முதலாளியுடையது. ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் வந்தது, நான்கு சக்கரமும் இழுக்கும். காத்திவாக்கம் பக்கம் உப்பங்கழித் தண்ணீரைக் கடந்து போய் இறால் ஏற்றி வருவதற்கென்றே வாங்கினார். அதன் இரண்டு ஆக்சிலிலும் கியர் பெட்டியிலும் சின்னதாக ஒவ்வொரு துவாரம் இருக்கும். ஓட்டத்தில் உள்ளே சூடேறி உப்பும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். என் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு மூக்கு என்று பெயர். இந்த வண்டியில் மூக்குகளின் மூடி உடைந்திருந்ததால், கழியில் இறங்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து எண்ணெயைக் கெடுத்துவிடும். செம்புக் குழாய் பொருத்தி மூன்றையும் மேலே உயர்த்திவிட வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். மழை முடியட்டும் என்றார். நானும் சரி என்று இருந்துவிட்டேன், ஆகையால் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அதுவரைக்கும் ஒரு வழி செய்தேன். காலையில் மூக்குகளைச் சைக்கிள் டியூப் துண்டால் மூடிக் கம்பியால் கட்டி அனுப்புவேன், வண்டி கழியைக் கடந்து திரும்பியதும் நானே குனிந்து அவிழ்ப்பேன். அவிழ்க்காமல் ஓட்டினால் உப்பிய காற்று எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் அதைத் தடுக்கும் ரப்பர் சீலையும் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் போய்விடும், பிறகு பிரேக் பிடிக்காது. இது தெரிந்தேதான் கட்டினேன்.

டிரைவர் லூர்து முன்பு துறைமுகத்தில் லாரி ஓட்டியவர், இந்த வண்டிக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. நான் கீழே படுத்துக் கட்டும் நேரத்தில் அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். என்ன கட்டுகிறேன் என்று அவரிடம் ஒருநாளும் காட்டிச் சொன்னதில்லை. டிரைவருக்கு எதற்கு மெக்கானிக் வேலை என்ற திமிர் எனக்கு உண்டு.

நேற்று காலை ஆறு மணிக்கு மூன்று மூக்கையும் கட்டி அனுப்பினேன். அதன் பிறகு ஒன்பது மணி சுமாருக்கு லூர்து முழு லோடு இறாலுடன் திரும்பி, ராயபுரம் போகும் வழியில் என் வாசலில் நிறுத்தினார். நான் வேறொரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன், எழுந்து வரச் சோம்பலாக இருந்தது. படுத்தபடியே, "மூக்க அவுத்துட்டியா?" என்று கேட்டேன். "அப்பவே அவுத்துட்டேன் பாய்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். குரல் நிதானமாகத்தான் இருந்தது, வழியிலேயே அவர் அவிழ்த்துவிட்டார் என்று நானும் நம்பிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள், ரயில்வே பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடி, மீன் கூடையுடன் ஓரமாகப் போன வியாகுலம்மாள் மேல் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த அம்மாள் லூர்துவின் தெருக்காரர். இன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

நேற்று மதியம் வண்டியைப் பார்த்து வரும்படி முதலாளி என்னை இந்த நிலையத்துக்கு அனுப்பினார். கீழே படுத்துப் பார்த்தேன். நான் கட்டிய மூன்று டியூபும் அப்படியே இருந்தன. நான்கு சக்கர டிரம்மிலும் கைப்பிரேக் டிரம்மிலும் எண்ணெய் வழிந்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஈரக் கோணி ஒன்று மடித்து வைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீரில் இறங்கும்போது என்ஜின் நனையாமலிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் கோணி கட்டுவார்கள். துறைமுக லாரிக்காரர்களுக்கு வண்டியின் முன்பக்கம்தான் மூக்கு. லூர்து அந்த மூக்கைத்தான் அவிழ்த்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நான் சொன்ன வார்த்தைதான் அவரை ஏமாற்றியது.

காவலர் அந்தப் பக்கம் திரும்பியபோது மூன்று டியூபையும் அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பயந்துவிட்டேன், வேறு காரணம் இல்லை. அதன் பிறகு சாயங்காலம் முதலாளி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். "அவன் குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்த சொல்லிரும் பாய், மத்தத நான் பாத்துக்கிடுதேன்," என்றார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை, இங்கே லாக்கப்பில் அடைத்து வைத்திருக்கும் லூர்துவுக்கு டீ கொண்டுபோனேன், அவரே குடித்திருந்ததாக ஒத்துக்கொண்டால் என் பாடு தீர்ந்தது என்ற எண்ணமும் மனதில் இருந்தது. அவர் டீயைத் தொடவில்லை. "மிதிச்சேன் பாய், பத்தாம பூட்ச்சு போல கீது. இன்னும் கொஞ்சம் அயுத்தியிருந்தா அந்தம்மா பொயச்சிருக்கும்," என்றார். பேசும்போதே அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்த பிறகும் நிற்கவில்லை. அங்கிருந்து நேராக இந்த மேசைக்கு வந்தேன்.

மூன்று டியூப் துண்டையும் கம்பியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். இதனால் நானே குற்றவாளியாவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா எடுத்துச் சொன்னார், தெரிந்தே சொல்கிறேன் என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை லூர்துவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். எவ்வளவு மிதித்திருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்காது.

(ஒப்பம்) மதார் சாகிப்